ஊர் மன்றங்கள் வெறுமையாய்க் கிடக்கலாகாது

ஆட்சி மக்களுக்கு எத்துணை அணுக்கமாக அமைகின்றதோ அத்துணை விரைவாக அதன் பிழைகள் வெளிப்படும். அப்பிழைக்கு உரியவரைத் தெருவில் நிறுத்திக் கேட்கும் வாய்ப்பும் குடிமக்களுக்குக் கிட்டும். சட்டமன்ற உறுப்பினரைக் காணச் சென்னைக்குப் போக நேரலாம். வார்டு உறுப்பினரோ அடுத்த தெருவில் குடியிருப்பவர். தெருக்குழாயில் நீர் வராத நாளில் அவர் வீட்டுக் குழாயிலும் நீர் வராது. உள்ளாட்சியின் உயிர்நிலை இந்த அண்மையே என்பதால்தான், அதற்குரிய தேர்தல் காலம் தவறுவதை வெறும் அலுவலகத் தாமதமாக நம்மால் கருத இயலவில்லை.

முன்னோர் இதனை உணர்ந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் போற்றாத மேடை தமிழ்நாட்டில் இல்லை. அவை கூறும் குடவோலை முறை, அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து உறுப்பினரைத் தேரும் முறை, நிலமுடைய அந்தணர் சபைக்கே உரியதாக இருந்தது. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அதில் இடமிருந்ததில்லை. அவ்வுண்மையை மறைத்துவிட்டுப் பெருமை பேசுதல் தகாது. ஆயினும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் அவ்வாரியத்துக்கு வரலாகாது என்று அக்கல்வெட்டு விதித்த நெறி, ஆயிரம் ஆண்டு கடந்தும் நம் மன்றங்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது. கணக்குக் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஊராரால் தேர்ந்தெடுக்கப்பட்டவராகவும் இருத்தல் வேண்டும்.

தஞ்சை மண்ணிலேயே பிறிதொரு முன்மாதிரி உண்டு. நகராட்சித் தலைவராகப் பொதுவாழ்வில் வளர்ந்த ஏ. டி. பன்னீர்செல்வம், 1924 முதல் 1930 வரை தஞ்சை மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்தார். அரசர்கள் விட்டுச்சென்ற சத்திர அறக்கட்டளைகள் அக்கழகத்தின் பொறுப்பில் இருந்தன. வடமொழி மட்டுமே கற்பிக்கப்பட்ட திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ்ப் புலவர் வகுப்புத் தொடங்கியதும், ஒரு சாதி மாணவர்க்கே சோறிட்டு வந்த ஒரத்தநாடு, இராசாமடம் விடுதிகள் ஏனைய மாணவர்க்கும் திறக்கப்பட்டதும் அக்காலத்து நிகழ்வுகள். அம்முயற்சிகளில் அவருக்குத் துணைநின்றவர் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் முதல் தலைவரும் தஞ்சை வட்டக் கழகத் தலைவருமான த. வே. உமாமகேசுவரனார். பின்னாளில் பன்னீர்செல்வம் சென்னை மாகாண அமைச்சரவை வரை உயர்ந்தார். எனினும் உழவர் வீட்டுப் பிள்ளை விடுதிக் கூடத்தில் இலை போட்டு அமர்ந்தது அவருடைய மாவட்டக் கழகப் பணியின் பயன் என்பதை நாம் மறப்பதற்கில்லை. வரி செலுத்துவோர்க்கே வாக்குரிமை இருந்த அக்காலத்திலேயே ஓர் உள்ளாட்சிப் பதவி இத்துணை செய்ய முடிந்ததென்றால், வயது வந்த அனைவர்க்கும் வாக்குரிமை உள்ள இக்காலத்தில் அது எத்துணை செய்திருக்க வேண்டும்!

செய்ய முடியும் என்பதற்கான அறிகுறியைக் கும்பகோணம் காட்டியது. 1866 முதல் நகராட்சியாக இருந்த அவ்வூர் மாநகராட்சியான பின், 2022 பிப்ரவரி 19 அன்று 48 வார்டுகளுக்கும் முதல் தேர்தல் நடந்தது. 17 ஆம் வார்டில் வென்ற காங்கிரசு உறுப்பினர் சரவணன், ஆட்டோ ஓட்டிப் பிழைத்தவர்; வாடகை வீட்டில் குடியிருந்தவர். மார்ச் 4 அன்று அவர் அம்மாநகராட்சியின் முதல் மேயரானார். பெருநிலக்கிழார்களும் வணிகப் பெருமக்களும் வழிவழியாகத் தலைமை தாங்கிய காவிரிக் கரையில் இது சிறிய மாற்றமன்று. நாம் இதை மனமார வரவேற்கிறோம். அதே வேளையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மன்றத்தில் அவருடைய கட்சி வென்ற இடங்கள் இரண்டே. மேயர் பதவி அக்கட்சிக்கு என்று கூட்டணித் தலைமை முடிவு செய்தது. கும்பகோணத்து வாக்காளர் யாரும் மேயருக்கென வாக்களிக்கவில்லை. 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 2006 இலும் 2022 இலும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தனர். ஆளுங்கட்சியின் வசதிக்கேற்ப முறை மாறுமானால், தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாருக்குக் கடன்பட்டவர் என்னும் ஐயம் அவரையும் மக்களையும் ஒருசேர வாட்டும்.

ஆயினும் குறையுடைய தேர்தலினும் தேர்தலே இல்லாமை பெருந்தீங்கு. அதன் விலையைத் தஞ்சைத் தரணி அறியும். 2016 அக்டோபரில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தல், இடஒதுக்கீட்டு நடைமுறை குறித்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டது. பின்னர் வார்டு மறுவரையறை என்றும் வழக்குகள் என்றும் ஆண்டுகள் கழிந்தன. தஞ்சை உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2019 திசம்பரில்தான் வாக்குப்பதிவு நடந்தது. நகர்ப்புறங்களோ 2022 வரை காத்திருந்தன. உரிய காலத்தில் தேர்தல் நடவாததால் மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது.

அந்த இடைவெளியில்தான் கஜா புயல் வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரணியம் அருகே கரை கடந்த அப்புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. மின்கம்பங்கள் முறிந்து, நீரேற்றும் மோட்டார்கள் ஓடாமல், மேல்நிலைத் தொட்டிகள் வறண்டு கிடந்தபோது, மின்னாக்கியை எங்கேனும் வாடகைக்குப் பிடித்துவந்து தண்ணீர் ஏற்றுவது எவர் பொறுப்பு? எந்த வீட்டின் ஓடு பறந்தது, எவர் தோப்பில் எத்தனை மரம் விழுந்தது, குத்தகைக்கு எடுத்தவர் யார், உடையவர் யார் என்பதை ஏடு பாராமல் சொல்லக்கூடியவர் எவர்? தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் ஒருவர்கூட அன்று அவ்வூர்களில் பதவியில் இல்லை. அலுவலர் பலர் அல்லும் பகலும் உழைத்தனர் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மக்கள் தம் குறையைச் சொல்ல ஓர் ஆள் காணாமல் சாலை மறியலில் இறங்கினர். அன்று ஊர்தோறும் மன்றம் இருந்திருந்தால் புயல் தணிந்திராது. மக்களின் அலைக்கழிப்பு தணிந்திருக்கும்.

அப்படிப்பட்ட பாடத்தைக் கற்ற பிறகும், 2019 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 சனவரி 5 அன்று முடிந்தபோது, புதிய உறுப்பினர்கள் அமர வேண்டிய இடத்தில் தனி அலுவலர்களே அமர்த்தப்பட்டனர். தஞ்சை மாவட்டத்தில் மட்டும் 14 ஒன்றியங்களில் 589 ஊராட்சிகள் உள்ளன. ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் என்றால், அவர் தலையில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடை வந்து சேருமுன் ஊர் வாய்க்காலைத் தூர்வார வேண்டும். ஐப்பசி அடைமழைக்குமுன் வடிகாலில் மண்டிய ஆகாயத்தாமரையை அகற்ற வேண்டும். கொள்முதல் நிலையத்து வாயிலில் நெல் மூட்டைகள் நனைந்தால் மேலிடத்தில் போய் நிற்க வேண்டும். இவை நாள் தவறினால் ஒரு போகமே தவறும். நாற்பது ஊரின் தெருவிளக்கையும் குழாயையும் கோப்பில் காண்பவர்க்கு, ஒவ்வொரு வாய்க்காலின் தலைப்பையும் கால்நடையாகச் சென்று காணல் எங்ஙனம் கூடும்?

தேர்தல் வந்தால் வாக்குக்குப் பணமும் தலைவர் பதவிக்கு ஏலமும் உடன் வருகின்றன என்பார் உளர். மெய்தான், ஏலம் எடுத்தவர் போட்ட முதலை ஊர்ப் பணத்திலேயே மீட்பார் என்பதால் அதனினும் இழிந்த வழக்கம் வேறில்லை. ஆனால் அந்நோய்க்கு மருந்து, கிராம சபையில் ஏட்டை விரித்து வரவு செலவைக் கேட்கும் பழக்கமே. தலைவரே இல்லாத ஊரில் அப்பழக்கம் எங்கிருந்து வளரும்?

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1992 ஆம் ஆண்டின் 73, 74 ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் ஐந்தாண்டு என்று வரையறுத்து, அக்காலம் முடியுமுன்னரே அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும் என்கின்றன. அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான வழக்கில் 2006 இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. தஞ்சை, கும்பகோணம் மாநகராட்சி உறுப்பினர்கள் 2022 மார்ச் 2 அன்று பதவியேற்றவர்கள். அம்மன்றங்களின் காலம் 2027 மார்ச்சுத் தொடக்கத்தோடு முடியும். 2016 இல் தேர்தல் நின்றது இடஒதுக்கீட்டுப் பட்டியலால் என்பதை நினைவில் கொண்டு, வார்டு எல்லை, சுழற்சி முறை ஒதுக்கீடு, வாக்காளர் பட்டியல் ஆகிய மூன்றையும் மாநிலத் தேர்தல் ஆணையம் பல மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டு, எதிர்ப்புகளைக் கேட்டு முடித்து, வழக்குக்கு உரியவற்றை நீதிமன்றம் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே தீர்க்கும்படி காலம் விட வேண்டும். ஊராட்சிகளுக்கோ இனித் தவணை கேட்க ஆணையத்துக்கும் அரசுக்கும் உரிமையில்லை.