போய் வந்த உறையா, போகாத உறையா?

அமெரிக்காவிலிருந்து பழைய மாணாக்கன் ஒருவன் வந்தால், உபாத்தியாயருக்கு ஒரு பேனாவோ, சாக்லேட்டுப் பெட்டியோ கிடைப்பது வழக்கம். சென்ற மாதம் எனக்குக் கிடைத்ததோ ஒரு தர்மசங்கடம். கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தபால் உறையின் உருவத்தில் அது வந்து சேர்ந்தது.

உறையின் மூலையில் தபால் தலை. அதன் மேல் கென்னடி விண்வெளி நிலையத்தின் முத்திரை. தேதி 1981 ஏப்ரல் 12. இடப்புறம் 'கொலம்பியா' விண்கப்பலின் சித்திரம். அடியில் ஒரு பித்தளைத் தகடு: "கொலம்பியாவின் முதற் பிரயாணத்தில் விண்வெளி சென்று மீண்ட உறை." அதை நம் பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையில் மாட்ட வேண்டுமென்பது அவன் ஆசை. விலை என்னவென்று கேட்டேன். என்னுடைய மூன்று மாதச் சம்பளம்!

தேதியின் மகிமையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ககாரின் பூமியைச் சுற்றி வந்த நாளிலிருந்து சரியாக இருபது ஆண்டுகள் கழித்து வந்த நாள் அது. 10-ஆம் தேதியே கிளம்பியிருக்க வேண்டிய கப்பல், கம்ப்யூட்டர்களுக்குள் ஒற்றுமை இல்லாத காரணத்தால் இரண்டு நாள் தாமதித்தது. ஜான் யங், ராபர்ட் கிரிப்பன் என்ற இருவரும் அதில் ஏறிச் சென்றார்கள். ஆள் இல்லாமல் ஒரு முறையாவது விண்ணுக்கு அனுப்பிப் பார்க்காத கப்பலில், முதல் தடவையே இரண்டு உயிர்களை ஏற்றி அனுப்பினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதைக்கிறது. 54 மணி நேரம் கழித்து, 14-ஆம் தேதி, கலிபோர்னியாவில் எட்வர்ட்ஸ் விமானத் தளத்தின் உலர்ந்த ஏரிப் படுகையில் அவர்கள் சௌக்கியமாக வந்து இறங்கினார்கள்.

அங்கேதான் சிக்கல். உறையில் கிளம்பிய இடத்து முத்திரை இருக்கிறதே தவிர, இறங்கிய இடத்து முத்திரையைக் காணோம். கப்பலில் கூடச் சென்றது என்பதற்கு அத்தாட்சிக் கடிதமும் இல்லை. கப்பல் கிளம்பும் நாளன்று உறைகளை அந்த ஊர்த் தபாலாபீஸுக்கு அனுப்பி முத்திரை குத்தி வாங்குவது சேகரிப்பவர்களின் வெகு நாளைய பழக்கம். அவை சொற்ப விலைக்குக் கிடைக்கும். கப்பல் மேலே போயிற்று. உறை கீழே இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

உறைகள் விண்வெளிக்குப் போனதே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1971-ல் அப்பல்லோ 15 சந்திரனுக்குச் சென்றபோது, அனுமதி பெறாத சுமார் 400 உறைகளும் கூடப் போயின. அவற்றில் 100 உறைகள் ஜெர்மனியில் ஒரு தபால் தலை வியாபாரியின் கைக்குச் சேர்ந்து விற்பனையாயின. சந்திரனுக்குப் போய் வந்த அந்த மூவரும் அடுத்த ஆண்டு கண்டனத்துக்கு ஆளானார்கள். பிறகு விண்வெளிக்கு அவர்கள் போகவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், 1983-ல் அமெரிக்கத் தபால் இலாகாவே 'சாலஞ்சர்' விண்கப்பலில் சுமார் 2,60,000 உறைகளை ஏற்றி அனுப்பி, ஒன்று 15 டாலர் 35 சென்ட் என்று விற்றது! தனி மனிதன் செய்தால் குற்றம், இலாகா செய்தால் வியாபாரம்.

மேற்சொன்ன ஜான் யங்கும் இந்த விஷயத்தில் சாமான்யரல்ல. 1965 மார்ச்சில் 'ஜெமினி' விண்கலம் முதன் முதலாக மனிதரைச் சுமந்து சென்றபோது, சட்டைப் பையில் ஒரு மாட்டிறைச்சி ஸாண்ட்விச்சை ஒளித்துக்கொண்டு போனவர் அவர். ரொட்டித் துணுக்குகள் காற்றில் மிதந்து யந்திரங்களுக்குள் புகுந்திருந்தால் என்ன ஆவது என்று அமெரிக்கக் காங்கிரஸ் வரையில் அந்த விவகாரம் போயிற்று.

ஜனங்களுக்கு ஏன் இந்த ஆசை? உறையைத் தொட்டால் ஆகாயத்தைத் தொட்டதாக ஆகுமா? ஆகாதுதான். ஆனால், அதே கொலம்பியா 2003 பிப்ரவரி 1-ஆம் தேதி திரும்பி வரும் வழியில் சிதறியதையும், நம் தேசத்தில் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டதையும் எண்ணும்போது, அந்தக் கப்பலின் முதல் நாளைப் பத்திரப்படுத்த நினைப்பவனைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. சிதறல் துண்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வது குற்றமென்று அரசாங்கம் எச்சரித்தும், அவற்றை இன்டர்நெட்டில் ஏலம் போட முயன்றவர்கள் உண்டு. அவர்கள் வேறு ஜாதி. அவர்களைப் பற்றி எழுதினால் பேனா கெட்டுப் போகும்.

என் மாணாக்கன் ஒரு போட்டோவும் கொண்டுவந்திருந்தான். அதுவும் முதற் பிரயாணம் என்றே விற்கப்பட்டதாம். பார்த்தவுடன் என் சங்கடம் இரட்டித்தது. முதல் இரண்டு பிரயாணங்களில்தான் கப்பலின் பெரிய எரிபொருள் தொட்டிக்கு வெள்ளை வர்ணம் பூசியிருந்தார்கள். சுமார் 270 கிலோ பாரம் மிச்சமாகும் என்று கண்டு பிறகு பூச்சையே விட்டுவிட்டார்கள். அவன் போட்டோவில் இருந்த தொட்டியோ செங்காவி நிறம்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு ராத்திரி முழுவதும் யோசித்தேன். அன்போடு கொண்டுவந்த பிள்ளை, பணமும் போய்விட்டது. ஆனால் அந்தப் பித்தளைத் தகட்டை ஆண்டுதோறும் நூறு பிள்ளைகள் படிப்பார்களே! காலையில் சொல்லிவிட்டேன்.

அவன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "எடுத்துக்கொண்டு போய்விடட்டுமா, ஸார்?" என்றான்.

"உறை இருக்கட்டும், அப்பா. தகட்டை மட்டும் மாற்றிவிடுவோம்" என்றேன்.

புதிய தகடு சென்ற வாரம் வந்தது: "1981 ஏப்ரல் 12 அன்று, கொலம்பியா முதன் முதலாகக் கிளம்பிய ஊரில் முத்திரை பெற்ற உறை." ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, "அப்படியானால் சத்தம் கேட்டிருக்குமா, ஸார்?" என்று கேட்டான். கேட்டிருக்கும் என்றேன். விற்றவருக்கு என் மாணாக்கன் இரண்டு கடிதங்கள் எழுதியிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை.