ஏதிலியரா? உடன்பிறந்தாரா?

திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் 2022ஆம் ஆண்டு ஈழத்தமிழர்க்கென 321 புதிய வீடுகள் திறக்கப்பெற்றன. அதற்கு முந்தைய ஆண்டில், ‘அகதிகள் முகாம்’ என்னும் பெயர் நீக்கப்பெற்று, ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்னும் பெயர் தமிழக அரசால் சூட்டப்பெற்றது. இரண்டும் நற்செயல்களே. நல்லதை நல்லதென்று கூறத் தமிழர் தயங்க வேண்டுவதில்லை. ஆயின், அப் புதுச் சுவர்களுக்குள் வாழ்பவன் எந் நாட்டுக் குடிமகன் என்னும் வினாவிற்கு அச் சுவர்கள் விடை கூறா. பெயர் மாறிற்று; கூரை மாறிற்று; நிலை மாறிற்றா?

‘அகதி’ தமிழ்ச்சொல் அன்று எனக் கொண்டு, ‘ஏதிலி’ என்னும் தூய சொல்லைத் தமிழ்ப்பற்றாளர் வழக்கிற்குக் கொணர்ந்தனர். சொல் தூயதே. ஆயின் அதன் பொருளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழந்தமிழில் ஏதிலார் என்பார் அயலார்; உறவற்றோர். வள்ளுவரும் அப் பொருளிலேயே அச் சொல்லை ஆண்டார். மன்னார்க் கடலைக் கடந்து மண்டபத்தில் கால்வைத்த தமிழன் தமிழனுக்கு அயலானா? அயலானல்லன் எனின், அவனை அயலானாகவே வைத்திருக்கும் சட்டத்தைத் தமிழினம் எங்ஙனம் பொறுத்திருக்கின்றது?

அவர்கள் விரும்பி வந்தவர்கள் அல்லர். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றாயிற்று. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 ஆடியில் தமிழர் தெருத்தெருவாக வேட்டையாடப்பட்டனர். 2009இல் முள்ளிவாய்க்கால் குருதிக் களமாயிற்று. முதலில் உரிமை, அடுத்து மொழி, அடுத்து நூல், இறுதியில் உயிர். ஓரினத்தை அழிப்போர் செல்லும் வழி எங்கும் இதுவே.

சீனத்தின் சிஞ்சியாங்கில் உய்குர் மக்கள் படும் பாடும் இதற்கு வேறானதன்று. அவர்தம் மொழி பள்ளிகளினின்று அகற்றப்பட்டது. 2017 முதல் பத்து நூறாயிரத்திற்கும் மேற்பட்டோர் அடைப்பிடங்களில் வைக்கப்பட்டனர் என மதிப்பிடப்படுகின்றது. தப்பி ஓடியோர்க்கும் அமைதியில்லை. தாய்லாந்தில் பத்தாண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்த உய்குர் ஆடவர் நாற்பதின்மரை, உலகம் தடுத்தும் கேளாது, 2025 பிப்பிரவரி 27இல் அந் நாடு சீனத்திடமே ஒப்படைத்தது. குடியுரிமையற்றவனின் உயிர், அவனுக்கு இடந்தந்த அரசின் ஒரு கையெழுத்தில் தொங்குகின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அவ் வச்சம் தோட்டனூத்துக்கும் அடியனூத்துக்கும் அயலானதன்று. 1951ஆம் ஆண்டின் உலக ஏதிலியர் ஒப்பந்தத்தில் இந்தியா கையொப்பமிடவில்லை. 2025 மே திங்களில் ஓர் ஈழத்தமிழர் வழக்கில், இந்தியா அறச்சாலை அன்று என்னும் கருத்து உச்சமுறைமன்றத்திலேயே எழுந்தது. அதே திங்களில், ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியுடன் தாயகம் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி வானூர்தி நிலையத்திலேயே சிறைப்படுத்தப்பட்டுப் பின்னரே விடுவிக்கப்பட்டார். இங்கு இருக்கவும் உறுதியில்லை; அங்குச் செல்லவும் உறுதியில்லை!

2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், ஆப்கானித்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளினின்று வந்த ஆறு சமயத்தார்க்கு வழி திறந்தது. ஈழத்தமிழருள் பெரும்பாலோரை இந்துக்கள் என்றே தில்லி எண்ணுகின்றது. எனினும் அவர்க்கு அவ் வழி திறக்கப்படவில்லை. சமயம் பேசுவோர்க்கு அங்கே சமயமும் நினைவிற்கு வரவில்லை. 2025 செபுதம்பரில், 2015 சனவரி 9ஆம் நாளுக்கு முன் வந்து பதிவு செய்தோர்க்குத் தண்டனையினின்று விலக்கு அளிக்கப்பட்டது. தண்டியோம் என்பது வேறு. குடிமகன் என்பது வேறு.

1987 சூலை 1ஆம் நாளுக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள் ஆவர். 1986இல் மண்டபத்தில் பிறந்த பெண்ணொருவர் இவ் விதியைக் காட்டி உயர்முறைமன்றத்தின் வழி கடவுச்சீட்டுப் பெற்று, 2024இல் வாக்கும் அளித்தார். அவருக்குப் பின் பிறந்தோர் நிலை என்ன? திண்டுக்கல் மண்ணிலேயே பிறந்து, சிறுமலையைத் தவிர வேறு மலை அறியாது, இங்கேயே கற்றுப் பட்டமும் பெற்ற இளைஞன், பெற்றோர் இருவரும் ஈழத்தார் என்னும் ஒரே கரணியத்தால் அயலானாகின்றான். அரசுப் பணி இல்லை, வாக்கு இல்லை.

குடியுரிமை அளித்தால் ஈழத்தில் தமிழர் தொகை குறையும், அவர்தம் தாயக உரிமை நலியும் என்பார் தமிழ்ப்பற்றாளருள்ளும் உளர். அவர்தம் அக்கறை மெய்யானதே, முடிவோ பிழையானது. நாற்பதாண்டுக் காலம் ஒரு குடும்பத்தை நடுவழியில் நிறுத்தி வைப்பதால் தாயகம் வலுப்பெறுவதில்லை. திரும்ப விழைவோன் அச்சமின்றித் திரும்பட்டும். தங்க விழைவோன் தலைநிமிர்ந்து தங்கட்டும். தேர்வு அவனுடையதாதல் வேண்டும். தில்லியுடையதோ கொழும்பினுடையதோ அன்று.

இத் திண்டுக்கல் நிலத்திற்கு அடைக்கலம் தருதல் புதிதன்று. 1772இல் காளையார்கோயிலில் முத்துவடுகநாதர் கும்பினிப் படையால் கொல்லப்பட்டபின், அரசி வேலுநாச்சியார் புகலடைந்தது இங்குள்ள விருப்பாட்சியில்தான். கோபால் நாயக்கர் காத்தார். ஐதர் அலி துணைநின்றார். அவர்கள் அரசிக்குக் கூரை மட்டும் தந்து, ஆண்டுதோறும் பதிவேட்டில் வரிசையில் நிற்க வைத்தாரல்லர். மதிப்போடு வைத்திருந்தனர். அதனாலன்றோ 1780இல் அவ் வீரப்பெண் சிவகங்கையை மீட்க முடிந்தது?

தமிழரல்லாத ஐதர் தமிழச்சிக்குச் செய்ததைத் தமிழன் தமிழனுக்குச் செய்ய முடியாதா? 321 வீடுகளின் வாயிலில் நின்று மகிழ்ந்த தமிழகம், அவ் வீடுகளுக்குள் வாழ்வோர்க்குக் குடியுரிமை கேட்டுத் தில்லியின் வாயிலில் நிற்றல் வேண்டும். சட்டமன்றத் தீர்மானத்தோடு அக் கடமை முடிவதன்று. நாடாளுமன்றத்திற்குச் செல்லும் ஒவ்வொருவரிடமும் தமிழ்மக்கள் இதனைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

அந் நாள் வந்தால், ஏதிலி என்னும் சொல்லுக்குத் தமிழகத்தில் வேலையிராது.