கணிப்போடு நிற்கக் கூடாது

இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் அமெரிக்க முதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், முப்பது நாளுக்குள் மறுபடியும் மருத்துவமனையில் சேர்கிறார். இப்படித் திரும்புவோர் மிகுந்த மருத்துவமனைகளுக்கு 2012 அக்டோபர் முதல் மெடிகேர் காப்பீட்டுத் திட்டம் பணத்தைப் பிடித்தம் செய்கிறது. யார் திரும்பி வருவார் என்று முன்கூட்டியே சொல்லும் இயந்திரக் கற்றல் மென்பொருளுக்குக் கிராக்கி கூடியதில் வியப்பில்லை. அந்த முயற்சி வரவேற்கத்தக்கது. ஆனால் கணிப்பைப் பெற்றுக்கொண்டு உடனே செயல்படும் மருத்துவக் குழு இல்லாத இடத்தில், கணிப்புக்கு மட்டும் காப்பீட்டுப் பணம் தரக் கூடாது.

மருத்துவமனைப் பதிவேடுகளை மட்டும் நம்பிய கணிப்பின் எல்லை ஏற்கெனவே தெரிந்துவிட்டது. 56,000-க்கும் அதிகமான நோயாளிகளின் பதிவுகளை அலசி 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், புதிய இயந்திரக் கற்றல் முறைகள் பழைய புள்ளியியல் முறையை விஞ்சவில்லை. எல்லாமே குருட்டு ஊகத்தைவிடச் சற்றே மேலானவை. உடலுக்குள் பொருத்திய கருவிகள் தரும் தரவு இதைவிட வளமானது. இதய ஒலி, மூச்சு, மார்பின் மின்தடை, நாடி, நடமாட்டம் ஆகியவற்றை டிஃபிப்ரிலேட்டர் வழியே தொகுத்துப் பார்க்கும் ‘ஹார்ட்லாஜிக்’ முறை, 900 பேரிடம் நடந்த ஆய்வில், நோய் முற்றிய நிகழ்வுகளில் 70 விழுக்காட்டைப் பெரும்பாலும் ஒரு மாதம் முன்பே உணர்த்தியது.

உணர்த்தினால் போதுமா? மார்பில் நீர் சேர்ந்தால் நோயாளிக்கே ஒலி எழுப்பும் கருவியை ஆராய்ந்த ‘டாட்-எச்எஃப்’ ஆய்வில் (2011) மருத்துவமனைச் சேர்க்கை குறையவில்லை, கூடியது. அதே ஆண்டு வெளியான ‘சாம்பியன்’ ஆய்விலோ, நுரையீரல் தமனியில் வைத்த உணரி காட்டிய அழுத்தத்தைப் பார்த்து மருத்துவர்கள் நீர்மாத்திரையின் அளவை மாற்றினார்கள்; ஆறு மாதத்தில் சேர்க்கை 28 விழுக்காடு குறைந்தது. தினமும் தரவு வந்து, ஒரு மையக் குழு கவனித்த ‘இன்-டைம்’ ஆய்வில் ஓராண்டில் இறந்தவர்கள் 10 பேர். வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 27 பேர். வாரம் ஒருமுறை தரவைப் பார்த்த இங்கிலாந்தின் ‘ரெம்-எச்எஃப்’ ஆய்வில் அத்தகைய பலன் தென்படவில்லை. கருவிகளும் நோயாளிகளும் ஆய்வுக்கு ஆய்வு மாறுபட்டவை என்பது உண்மைதான். ஆனாலும் இந்த முடிவுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன: எச்சரிக்கையை யார், எவ்வளவு விரைவில் கையாள்கிறார், எந்த மருந்தை மாற்றுகிறார் என்பதே பலனைத் தீர்மானிக்கிறது.

தினமும் தரவைப் பார்க்கச் செவிலியருக்கு எங்கே போவது என்பார்கள். கருவிக்குச் செலவழித்துவிட்டு அதைக் கவனிப்பவருக்கு ஊதியம் மறுப்பதுதான் உண்மையான வீண்செலவு. மென்பொருள் மேம்பட்டால் சிக்கல் தானே தீரும் என்றும் சொல்வார்கள். எவ்வளவு துல்லியமான கணிப்பும் மாத்திரையின் அளவை மாற்றாது. வேறோர் ஆபத்தும் உண்டு. பிடித்தம் தொடங்கிய பின் இதயச் செயலிழப்பு நோயாளிகளின் இறப்பு கூடியதாக 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. காரணம் குறித்து விவாதம் ஓயவில்லை. எனினும், சேர்க்கை எண்ணிக்கையைக் குறைப்பதையே வெற்றியாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு அந்த எச்சரிக்கை போதும்.

எனவே காப்பீட்டு அமைப்புகள் மூன்று நிபந்தனைகளை விதிக்க வேண்டும்: எச்சரிக்கைக்குப் பொறுப்பான குழு, பதிலளிக்கக் காலக்கெடு, மறுசேர்க்கையோடு இறப்பையும் சேர்த்து வெளியிடும் கணக்கு. இவற்றை ஏற்காத மருத்துவமனைக்கு இத்தகைய மென்பொருளுக்காக ஒரு காசும் தரக் கூடாது.