அறிந்து கொள்வோம்: தொங்கும் வயர்



எங்கள் குழுச் சகோதரி ஒருவர் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குகிறார். கணவர் இல்லை, அந்தச் சிறிய கார்தான் வீட்டின் வருமானம். ஒருநாள் சந்தியில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து மோதியது. பிழை அவர் மீதே சுமத்தப்பட்டது. காரில் கமரா இருந்தும் பதிவு இல்லை. தொங்கிக் கிடந்த வயரைப் பிள்ளை ஒன்றின் கால் இழுத்துவிட்டிருந்தது.

ஆகவே வயரை மறைப்பது அழகுக்காக மட்டுமல்ல. கமராவை நடுக் கண்ணாடிக்குப் பின்னால், பார்வையை மறைக்காமல் ஒட்டுங்கள். வயரை முன் கண்ணாடியின் மேல் விளிம்பில் கூரைத் துணிக்குள் விரலால் செருகி, பக்கத் தூண்வரை கொண்டுவந்து, கதவு இறப்பருக்குள் கீழே இறக்கலாம். தூணுக்குள் எயார்பேக் இருந்தால் அதற்கு முன்னால் வயர் போகக் கூடாது. அது விரியும்போது ஆபத்து.

பியூஸ் பெட்டியில் இணைப்பதை வாகன மின் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். சாவி போட்டால் மட்டும் மின் வரும் பியூஸில் இணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பற்றரி இறங்கிவிடலாம்.

விபத்து நடந்தால் மெமரி கார்டை உடனே கழற்றி வையுங்கள். பழைய பதிவின் மேல் புதியது பதிந்துவிடும்.

காலையில் புறப்படுமுன் கமரா இயங்குகிறதா என்று ஒருமுறை பாருங்கள். நம் சொல் எடுபடாத இடத்தில் அதுவே நமக்குச் சாட்சி.