ஊசி கேட்பது அக்கறையன்று

நம் வீடுகளில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே, "ஓர் ஊசி போட்டுவிடுங்கள், உடனே விட்டுவிடும்" என்று மருத்துவரை நெருக்குகிறோம். அவர் மறுத்தால், அவருக்கு வைத்தியம் தெரியவில்லை என்கிறோம். பிறகு சீட்டு ஏதுமின்றி மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி, ஊசி போடத் தெரிந்த எவரையேனும் வீட்டுக்கு அழைக்கிறோம். இதனைப் பெற்றோரின் அக்கறை என்று எண்ணிக்கொள்கிறோம். இது அக்கறையன்று, அமானிதத்துக்குச் செய்யும் துரோகம்.

அவ்வாறு வாங்கப்படும் மருந்துகளுள் ஒன்றான செஃப்ட்ரியாக்சோனை எடுத்துக்கொள்வோம். டைஃபாய்டு, நிமோனியா, பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சல் ஆகியவற்றில் அது உயிர்காக்கும் மருந்து. ஆனால் சளி, ஃபுளூ, டெங்கு ஆகியவை வைரஸால் வருபவை. அவற்றின்மீது அதற்கு எவ்வித ஆற்றலும் இல்லை. தானே தணியவேண்டிய காய்ச்சல் தணிகிறது. புகழ் ஊசிக்குப் போய்ச் சேர்கிறது.

"பயனில்லாவிட்டாலும் கேடில்லையே" என்பாரும் உண்டு. கேடு உண்டு. ஒவ்வாமை உள்ளவருக்குச் சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் சரிந்து, உயிரே போகக்கூடும். அப்போது அட்ரினலின் ஊசி வீட்டில் எங்கே இருக்கும்? ரிங்கர் லாக்டேட் போன்ற கால்சியம் உள்ள டிரிப்ஸுடன் இம்மருந்தைக் கலக்கக் கூடாது. மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங்குழந்தைக்கு இதனைச் செலுத்தக் கூடாது. தசையில் போடுவதற்காக லிக்னோகெயினில் கரைத்த மருந்தை ஒருபோதும் நரம்பில் ஏற்றக் கூடாது. இவற்றையெல்லாம் ஊசி குத்த மட்டுமே தெரிந்தவர் அறிவாரா?

சட்டமும் இதனை எளிதாக எண்ணவில்லை. இந்தியாவில் 2014 மார்ச் முதல் இம்மருந்து எச்1 அட்டவணையில் உள்ளது. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது. விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காக்கவேண்டும். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவர், அதனால் விளையும் சேதத்துக்குப் பொறுப்பாளி என்பது நம் ஃபிக்ஹ் சட்டமும் ஆகும். அவரை அழைத்து வந்த நமக்கு மட்டும் விசாரணை இல்லையா?

தேவையின்றிப் போடும் ஒவ்வோர் ஊசியும் கிருமிகளுக்கு எதிர்ப்பாற்றலைப் பழக்கிக் கொடுக்கிறது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016இல் தொடங்கிய டைஃபாய்டு பரவலில், செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்காத கிருமி தோன்றியது. எஞ்சியவை ஓரிரு மருந்துகளே. அதே மாகாணத்தின் ரத்தோதேரோவில் 2019இல் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. தொற்றியது கண்டறியப்பட்டது. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றவருக்கும் பயன்படுத்தியது அதற்கு முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது. நம் ஊரில் நடவாது என்று எவர் உறுதி கூறுவார்?

ஊசியே வேண்டாம் என்பது நம் வாதமன்று. மருத்துவம் செய்யாமல் இருப்பது தவக்குல் ஆகாது. முறையோடு செய்யுங்கள் என்கிறோம். மருத்துவர் ஊசி எழுதினால், எந்த நோய்க்கு, எத்தனை நாள் என்று கேளுங்கள். இரத்தப் பரிசோதனை தேவையெனில், முதல் ஊசிக்கு முன்பே இரத்தம் கொடுங்கள். பெனிசிலின் போன்ற மருந்துகளால் முன்பு ஒவ்வாமை வந்திருந்தால் மறைக்காதீர்கள். புதிய ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் செய்யுங்கள். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ரமலானில் நோன்பைக் காரணம் காட்டி ஊசியைத் தள்ளிப்போடுவோரும் உளர். சத்தூட்டாத ஊசியால் நோன்பு முறியாது என்பது இக்கால அறிஞர் பலரின் தீர்ப்பு. நோயாளிக்கு நோன்பை விடும் சலுகையும் இருக்கிறது.

மருத்துவர் "ஊசி தேவையில்லை" என்று கூறும் நாளில், அவரைக் குறைகூறாமல் நன்றி சொல்லித் திரும்பும் பெற்றோரே பிள்ளைமீது உண்மையான அக்கறை கொண்டவர்கள். அந்தப் பக்குவத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக!