நாற்று போதாது, நிலம் வேண்டும்

பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாம் சந்தையில் விற்கும் முட்டைக்கோஸின் விலையில் லாரி வாடகையும் பாலத்துக் கட்டணமும் சேர்ந்தே இருக்கின்றன. கேமரன் மலையில் பெருமழை பெய்தால் இங்கே காய்கறி விலை ஏறுகிறது. 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதும் வெங்காயம் ஏறியது. அதே ஆண்டு செப்டம்பரில் இறக்குமதி அரிசி டன் 3,200 ரிங்கிட்டைத் தொட்டது. எல்லாரும் உள்ளூர் அரிசிக்குத் திரும்ப, அது கடைத் தட்டிலேயே இல்லாமல் போனது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்த முதல் வாரங்களில் கேமரன் விவசாயிகள் விளைந்த காய்களைக் கொட்டி அழித்தார்கள். கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லாமல் போனதும் அதற்கு ஒரு காரணம். நாட்டுக்குத் தேவையான மிளகாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இங்கே விளைகிறது. தீவில் வாழும் நமக்கு இதெல்லாம் இன்னும் ஒரு படி கூடுதலாகவே வலிக்கும்.

இதை உணர்ந்துதான் சமூகத் தோட்டம் என்ற பேச்சு அரசுத் தரப்பில் அடிக்கடி எழுகிறது. விவசாய இலாகா நாற்று, உரம், மண்பை தருகிறது. தொடக்க விழாவில் பிரமுகர் ஒருவர் கத்தரி நாற்றை நட்டுவிட்டுப் போகிறார். இந்த உதவியை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நாற்று கிடைக்காததால் எந்தத் தோட்டமும் அழிந்ததில்லை. நிலம் நிலையில்லாததால்தான் அழிகிறது.

ரைபிள் ரேஞ்ச் போன்ற அடுக்குமாடிகளின் நடைபாதைகளைப் பார்த்தாலே மக்களின் ஆர்வம் தெரியும். பெயின்ட் வாளியில் கறிவேப்பிலை, எண்ணெய் டின்னில் பச்சை மிளகாய், ஐஸ்கிரீம் டப்பாவில் புதினா. இவர்களுக்குப் பயிர் வைக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. தோட்டப்புற லயத்தில் வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் பாகலும் பயற்றங்காயும் வைத்துச் சாப்பிட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் பிளாட்டுக்கு ஏறியபோது அவர்கள் இழந்தது கைத்திறனை அல்ல, காலடி மண்ணை.

கீழே காலி இடம் இல்லாமலும் இல்லை. கால்வாய் ஓரம், மின்கம்பித் தடத்தின் அடி, கட்டடங்களுக்கு இடையே ஒதுக்கிவிட்டு மறந்த துண்டு நிலம் எனப் பல உண்டு. ஆனால் அரசு நிலத்தில் அனுமதியின்றிப் பயிர் வைப்பது 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி குற்றம். அனுமதி கேட்டால் வழக்கமாகக் கிடைப்பது டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமம். அதை எந்த மாதத்தில் வாங்கினாலும் அந்த ஆண்டு டிசம்பர் 31-இல் முடிந்துவிடும். பிறகு மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும்.

மண்ணைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு பொருந்தாது என்று புரியும். கட்டுமானம் முடிந்து கிடக்கும் நிலத்தில் செம்மண்ணோடு சிமென்ட் கட்டியும் ஓட்டுச் சில்லும் கலந்திருக்கும். கங்கோங் கீரைத் தண்டை ஊன்றினால் நான்கு வாரத்தில் அறுத்துவிடலாம். அடியை விட்டு வெட்டினால் மறுபடியும் தழைக்கும். ஆனால் மண் அப்படி அவசரப்படாது. முதல் ஆண்டு கல் பொறுக்கவும் குப்பை எரு போடவுமே சரியாகிவிடும். அதற்கடுத்த ஆண்டில்தான் மண்வெட்டியில் மண்புழு தென்படும். முருங்கையும் எலுமிச்சையும் அதற்கும் மேல் காலம் கேட்கும். டிசம்பரில் வெளியேற்றப்படலாம் என்று தெரிந்தவர் எலுமிச்சை நட மாட்டார்.

சிங்கப்பூரில் பூங்காக் கழகம் இரண்டரை மீட்டர் நீளப் பாத்தியைக்கூட மூன்று ஆண்டுக்கு வாடகைக்குத் தருகிறது. நம்மைவிட நிலநெருக்கடி அதிகம் உள்ள தீவு அது. இங்கேயும் சட்டம் கையைக் கட்டவில்லை. பொதுத் தேவைக்கு ஒதுக்கிய நிலத்தை மாநில அரசின் ஒப்புதலோடு 21 ஆண்டுகள் வரை குத்தகைக்கு விட அதே நிலச் சட்டம் வழி வைத்திருக்கிறது. நாம் 21 கேட்கவில்லை. ஐந்து ஆண்டு போதும். நிலம் மாநில அதிகாரத்தில் இருப்பதால் இதற்குப் புத்ராஜெயாவைக் காரணம் காட்டவும் முடியாது.

யார் பெயரில் தருவது? தனி ஆளுக்குத் தந்தால் நாளைக்கு வேலி வரும், அரசியல் கட்சிக் கிளைக்குத் தந்தால் தேர்தலுக்குத் தேர்தல் ஆள் மாறும். குடியிருப்பாளர்களின் கூட்டுறவுக்குத் தருவதே சரி. அது நமக்குப் புதியதும் அல்ல. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித்தான் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். ஒரு தோட்டத்தையே வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளால் ஒரு காய்கறித் தோட்டத்தை நடத்த முடியாதா? உறுப்பினர் வீட்டுக்கு எடுத்தது போக மிஞ்சிய கீரையை இரவுச் சந்தையில் விற்றால் தண்ணீர்க் கட்டணத்துக்கும் விதைக்கும் ஆகும்.

பயிற்சிக்கும் வெளியே போக வேண்டாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இரசாயனம் கலக்காத வீட்டுத் தோட்டத்தையும் பஞ்சகவ்யம், மீன் அமிலம் போன்ற இயற்கை ஊட்டங்களையும் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறது. 

எருவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தீவின் குப்பை பத்து மாவுங்கில் படகில் ஏறி, கடல் கடந்து புலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அங்கே பிடித்த தீ வாரக்கணக்கில் புகைந்ததை மறந்திருக்க மாட்டோம். சந்தையில் கழிக்கும் கீரைத் தண்டையும் கோஸ் இதழையும் அந்தப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு, அடுக்குமாடி மக்கள் பைமண்ணைக் காசு கொடுத்து வாங்குவது எந்த வகையில் நியாயம்? மாநகர் மன்றம் அந்தக் கழிவைப் பிரித்து, அருகிலுள்ள தோட்டத்துக்குத் தரட்டும்.

மறுப்பவர்கள் மூன்று காரணம் சொல்வார்கள். அதில் கொசு என்பது நியாயமான கவலை. மூடாத தொட்டிக்கு இடமே தரக்கூடாது, விதியை மீறினால் பாத்தியைப் பறிக்கலாம். இந்தத் தோட்டங்கள் தீவுக்குச் சோறு போடாது என்பதும் உண்மை. அரிசியை யாரும் எதிர்பார்க்கவில்லை. கீரை, மிளகாய், வெண்டை, கறிவேப்பிலைக்கு ஆகும் காசு மிச்சமானால் குறைந்த வருமானக் குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல. நிலத்துக்கு வேறு தேவை இருக்கிறது என்பது மூன்றாவது. கார் நிறுத்தக் கிடைக்கும் இடம் கத்தரிக்குக் கிடைக்காது என்றால், அதை மக்கள் முன் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு முடிவெடுக்கட்டும்.

ஒன்றில் மட்டும் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். தோட்டம் என்ற பெயரில் மலையைத் தொடக்கூடாது. 2018 அக்டோபரில் பாயா தெருபோங் அருகே புக்கிட் கூகூஸ் சாலைப் பணியில் சரிவு இடிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். சரிவை வெட்டிக் காய்கறி போட்டால் மண் கீழே உள்ள வீட்டுக்குத்தான் வரும். நாம் கேட்பது சமநிலத்தை, அதுவும் வீடுகளுக்கு நடுவே.

மாநில நில இலாகா ஆயர் ஈத்தாமில் பயிர் வைக்கத் தகுந்த துண்டு நிலங்களின் பட்டியலை இந்த ஆண்டுக்குள் வெளியிட வேண்டும். முதல் ஐந்தாண்டுக் குத்தகையை, இப்போது அனுமதியில்லாமல் அஞ்சி அஞ்சிப் பயிர் வைத்திருப்பவர்களைக் கூட்டுறவாகப் பதிவு செய்ய உதவி, அவர்களுக்கே வழங்க வேண்டும்.