வீடு மாறிற்று, விலங்கு மாறவில்லை!

புதுமனை புகும் நாளில் நம் தாய்மார்கள் உப்பும் மஞ்சளும் குடத்து நீரும் முதலில் எடுத்துச் செல்வர்; பால் பொங்குவதைக் கண்டு உளம் பூரிப்பர். இன்றோ, பால் பொங்குமுன் பிள்ளை கேட்கிறான்: "அம்மா, இங்கே இணையம் வருமா?"

அரசியல் பேசும் ஏட்டிலே இணைய இணைப்பைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்பீர்கள். பெரும்பாக்கம் வரை என்னோடு வாருங்கள்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் தென்புறத்தே எட்டடுக்குக் கட்டடங்கள் அணிவகுத்து நிற்கின்றன. இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள்! கூவக் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களை, 2015ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் விரைவு விரைவாகப் பெயர்த்தெடுத்து இங்கே குடியமர்த்தினர். 2019 டிசம்பரில் சத்தியவாணிமுத்து நகர்க் குடும்பங்கள் இங்கே கொண்டுவரப்பட்டபோது, பள்ளி ஆண்டு பாதியே முடிந்திருந்தது. மூன்றே திங்களில் பெருந்தொற்று வந்தது; பள்ளிகள் மூடப்பட்டன; பாடம் இணைய வழியே வந்தது. இணைப்பு இருந்த வீட்டிலே பள்ளிக்கூடம் இருந்தது. இல்லாத வீட்டிலே? இருட்டுத்தான் இருந்தது!

ஆகவே இணைப்பு என்பது ஆடம்பரமன்று. கல்வியும் வேலை விண்ணப்பமும் அரசின் சான்றிதழும் அதன் வழியே வருகின்றன. அந்த இணைப்போ, ஓர் ஒப்பந்தத்தால் பிணிக்கப்பட்டிருக்கிறது.

ஓராண்டுப் பணத்தை முன்கூட்டிக் கட்டினால் சலுகை. ரூட்டர் இலவசம், ஆனால் முன்பணம் உண்டு. இத்தனை மாதத்துக்குள் விலகினால் தண்டம். கையெழுத்திடும்போது இவையெல்லாம் கடுகெழுத்திலே கிடக்கும். வீடு மாறும் நாளிலேதான் மலையெனக் கண்முன் நிற்கும். "புதிய இடத்தில் எங்களுக்குக் கம்பி இல்லை" என்பார்கள். "அப்படியானால் பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்றால், "ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்களன்றோ" என்பார்கள். முறித்தவர் யார்? அரசாணையால் பெயர்க்கப்பட்ட ஏழையா? சேவை தர இயலாத நிறுவனமா?

கம்பி இழுக்கவும் கருவி வைக்கவும் நிறுவனம் செலவிட்டிருக்கிறதே என்பர் சிலர். நியாயந்தான். எஞ்சிய செலவைக் கணக்குக் காட்டிப் பெறட்டும். செலவை ஈடு செய்வது வேறு, ஏழையைத் தண்டிப்பது வேறு!

சட்டம் ஊமையன்று, தோழர்களே! 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், இழப்புக்கு ஒவ்வாத தண்டம் விதிப்பதையும் அளவு மீறிய முன்பணம் கேட்பதையும் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்கிறது. மாநில ஆணையத்தில் அதனை எதிர்த்து வழக்காடலாம். சேவைக் குறைபாடு எனில் மாவட்ட ஆணையம் இருக்கிறது. தான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கும் உரிமையை அந்தச் சட்டம் தந்தது; 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது.

எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை கைப்பேசிக்கு 2011 சனவரியில் நாடெங்கும் வந்ததே, அது நிறுவனங்களின் கருணையாலா வந்தது? இல்லை, விதி வந்தது, வழி பிறந்தது! அண்டை மாநிலமாம் கேரளத்தில் 2023 ஜூன் 5 அன்று அரசே கண்ணாடியிழை வலையமைப்பைத் தொடங்கி, ஏழை இல்லங்களுக்கு இலவச இணைப்புத் தர முன்வந்தது. அங்கே முடிவது இங்கே முடியாதா?

நாம் கேட்பவை மூன்று. அரசு குடிபெயர்க்கும் குடும்பத்திடம் எந்த நிறுவனமும் விலகல் தண்டம் வாங்கலாகாது. புதிய இடத்தில் சேவை தர இயலாத நிறுவனம், மீதிப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். மறுகுடியமர்வுக் கட்டடங்களில், குடிநீர்க் குழாய் போலவே இணையக் கம்பியும் சாவி கொடுக்குமுன் வந்திருக்க வேண்டும்.

கேட்டுவிட்டுக் கைகட்டி இருப்பது நம் இயல்பன்று. ஒவ்வொரு கிளையிலும் எழுதப் படிக்கத் தெரிந்த இருவர் மாலை நேரத்தில் அமருங்கள். வீடு மாறுவோர்க்கு விலகல் கடிதம் எழுதிக் கொடுங்கள். நாளும் புகார் எண்ணும் குறித்து வையுங்கள். ரூட்டரைத் திருப்பித் தரும்போது ரசீதின்றித் தரவேண்டாம் என்று சொல்லுங்கள். பதில் நிறைவளிக்காவிடில் 30 நாளுக்குள் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள்; அதற்குக் கட்டணமில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை ஒவ்வொரு மாடிப்படியிலும் எழுதி வையுங்கள்.

சில நூறு ரூபாய்க்கா இத்தனை பாடு என்று எவரேனும் நகைக்கலாம். அந்தச் சில நூறு, நகைப்பவர்க்குச் சில்லறை. நாட்கூலிக்காரனுக்கு அடுப்பெரியும் நாள்கள்!

கரையிலிருந்து அவனைப் பெயர்த்தபோது நம்மால் தடுக்க இயலாமற் போயிற்று. பெயர்ந்தவன் காலிலே கிடக்கும் இந்தச் சிறு விலங்கையேனும் அறுத்தெறிவோம், வாருங்கள்!